வாங்க என்று சொல்லத் தெரியாத குரல்

இறந்துபோன ஒரு மனிதர் என்னை இரண்டரை வருடம் தன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குரலைச் செய்தவன் நான்தான்.

என் பெயர் மாசிலாமணி. பெயரை மட்டும் கேட்டவர்கள் எழுபது வயசுப் பெரியவரை எதிர்பார்ப்பார்கள். வந்து நிற்பது நாற்பத்து மூன்று வயதில், கல்யாணம் ஆகாமல், கழுத்தில் ஹெட்ஃபோனோடு ஒரு ஆள். கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பறவை ஆய்வு நிலையத்தில் கருவிகள் செய்வது என் வேலை. பறவைக்காரர்கள் காட்டில் அலைவார்கள். நான் மேஜையடியில் ஒயர்களோடு கிடப்பேன்.

2039 மார்ச்சில் ஒரு மத்தியானம், டாக்டர் கோகிலவாணி என் அறைக்குள் வந்தார். பறவைகள் இடம் பிடிப்பதையும் குஞ்சு வளர்ப்பதையும் பன்னிரண்டு வருடமாக ஆராய்கிறவர். நடந்து வரவில்லை, ஓடி வந்திருந்தார்.

"மணி, ஒரு ஆம்பளைக் கரிச்சானைச் செஞ்சு குடுக்க முடியுமா உங்களால?"

குண்டுகரிச்சானைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் வெள்ளையும், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விடிவதற்கு முன்பே ஆன்டெனா மேல் ஏறி ஊரை எழுப்பும். எங்கள் ஊழியர் குடியிருப்பில் கோகிலவாணியின் வீட்டு முன்னால் ஒன்று இருந்தது. அன்று காலை அதைப் பூனை அடித்துவிட்டது.

"மழைத்தண்ணிக் குழாய் ஓட்டைல நாலு குஞ்சு இருக்கு. இன்னும் கண்ணே தெறக்கல," என்றார்.

"அம்மா இருக்கில்லைங்க மேடம்?"

"அம்மா இருக்கு. எடம் போயிடுமே. அது பாடுதுன்னு நாம சொல்லிக்கிறோம். அது வேலி போடுது மணி. புங்கமரத்துலருந்து தண்ணித்தொட்டி வரைக்கும் என்னுதுன்னு தெனம் காலைல கத்திச் சொல்லுது. அந்த வேலிக்குள்ள புழு பூச்சி போதுமான்னு பாத்துட்டுத்தான் பொட்டை வந்து கூடு வெக்கும். குரல் நின்னுபோச்சுன்னா நாளைக்குக் காலைல பக்கத்து ஆம்பளை உள்ள வந்துரும்."

"வரட்டுமே. வந்து வளத்தட்டுமே."

"அடுத்தவன் குஞ்சுக்கு அது ஏன் ஊட்டணும்? சிலது கொத்தி இழுத்து வெளியவே போட்டுரும். குஞ்சு போனாத்தான் அவ சீக்கிரமா மறுபடி முட்டைக்குத் தயாராவா. கெட்ட எண்ணமெல்லாம் கெடையாது. அதுக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்."

நான் போய்க் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். நாலு வாய் தெரிந்தது. என் நிழல் பட்டதும் நாலும் அகலமாகத் திறந்துகொண்டன. சாப்பாடு கொண்டுவந்தது யார் என்றெல்லாம் அவை பார்க்கவில்லை.

நல்லவேளையாக, செத்துப்போன அந்த ஆணின் குரலை இரண்டு வருடமாக அவர் பதிவு செய்து வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் பெட்டி தயாராகிவிட்டது. நாலு மரத்தில் நாலு சின்ன ஸ்பீக்கர். பெட்டி காதைத் தீட்டிக் கேட்கும். எல்லையில் வேறு ஆண் வாய் திறந்தால், செத்தது எப்படிப் பதில் சொல்லியிருக்குமோ அப்படியே இதுவும் சொல்லும், மரம் மாறி மாறி. மறுநாள் காலை பக்கத்து ஆண் வந்தது. தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து ஒரு பாட்டு எடுத்தது. புங்கமரத்திலிருந்து என் பெட்டி திருப்பிக் கொடுத்தது. கால் மணி நேரம் வாதம் நடந்தது. பிறகு அது பறந்து போய்விட்டது.

அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர் கோகிலவாணியின் கணவர் நவநீதன். பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. காங்கேயம் பக்கத்து ஆள், குரல் கணீரென்று இருக்கும்.

"ஏனுங் தம்பி, செத்த பொறகும் டூட்டி பாக்க வெக்கறீங்களே, நாயமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "வாங்க, உள்ள வாங்க. வெளிய நின்னுட்டுப் பேசறதெல்லாம் என்ற வீட்டுல வழக்கமில்லீங்."

அவர் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு வாசலில் நான் நின்றதே கிடையாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட உட்கார வைத்து மோர் கொடுக்கிற ஆள். மிதியடிக்கு இடது பக்கம் அவருடைய தோல் செருப்பு கிடக்கும். அந்த இடத்தில் வேறு யாரும் செருப்பு விடக்கூடாது என்று ஒரு விளையாட்டுச் சண்டை அவருக்கும் மகள் தாரிகாவுக்கும் நடந்துகொண்டே இருக்கும்.

நாலு குஞ்சும் பிழைத்துப் பறந்தன. நிலையத்தில் எனக்குக் கைதட்டினார்கள். அடுத்த வருடத்துக்குள் கோவை முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் ஏறிவிட்டன. ஒவ்வொரு பெட்டி மேலும் கோகிலவாணி ஒரு வரி ஒட்டச் சொல்லியிருந்தார்: குஞ்சு பறந்ததும் நிறுத்தவும்.

யாரும் நிறுத்தவில்லை. காலையில் அந்தப் பாட்டுக்கு எழுந்து பழகிவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கம், பெட்டியை நிறுத்தக்கூடாது என்று கையெழுத்து வாங்கி மனுவே கொடுத்தது. எங்கள் பெட்டியை நிறுத்தாதவன் நான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2039 அக்டோபரில் நவநீதன் பொள்ளாச்சி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியவர், ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடியே போய்விட்டார். நாற்பத்தொரு வயது. தாரிகாவுக்கு அப்போது ஏழு.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் கோகிலவாணியிடம் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்கள். அவர் செருப்பை எடுத்துவிடாதே, வாசலிலேயே கிடக்கட்டும். ஆம்பளை இல்லாத வீடு என்று வருகிறவன் போகிறவனுக்குத் தெரியவேண்டாம். நம் ஊரில் தனியாக இருக்கும் பெண்கள் பலரும் செய்வதுதான். செருப்பு கிடந்தது. வாரம் ஒருமுறை அவர் அதைத் துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றி வைப்பார், யாரோ போட்டுக் கழற்றிய மாதிரி.

அப்படியும் ஆட்கள் வந்தார்கள். எதையாவது விற்க வந்தவன் செருப்பைப் பார்த்தும் நகர மாட்டான். தூரத்துச் சொந்தம் என்று ஒருவர் மூன்று தடவை வந்து, மறுகல்யாணத்துக்கு மாப்பிள்ளை சொல்லிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் கோகிலவாணி என் அறைக்கு வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை.

"அந்தப் பெட்டி மாதிரி ஒண்ணு வீட்டுக்கு வேணும் மணி."

நான் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தேன்.

"வீட்டுக்குள்ள வேண்டாம். உள்ள பேசுச்சுன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். வாசல்ல மட்டும் போதும்."

அவர் போனில் இருந்த நவநீதனின் குரல் செய்திகளைக் கொடுத்தார். செய்து கொடுத்தேன். மணியடித்தால் உள்ளேயிருந்து, குளியலறையிலிருந்து வருவது மாதிரி சத்தம் வரும். "யாருங்க? குளிச்சிட்டிருக்கறனுங். அப்பறமாப் பாக்கலாம்." ஆள் நகரவில்லை என்றால் குரல் கொஞ்சம் தடிக்கும். "என்ன வேணுமுங் உங்களுக்கு?" எதிரில் நிற்கிறவர் பேச்சுக்குத் தகுந்த மாதிரி அது பதிலை மாற்றிக்கொள்ளும். எப்படி மாற்றினாலும் முடிவு ஒன்றுதான். வந்தவர் திரும்பிப் போகவேண்டும். அதற்குத்தான் அதைச் செய்தேன், அது ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு குடியிருப்பில் இன்னும் ஐந்து வீடுகளில் கேட்டார்கள். கணவன் துபாயில் இருக்கும் வீடு, மகன் கனடாவில் இருக்கும் வீடு. எல்லாருக்கும் செய்து கொடுத்தேன். பயம் போய்விட்டது என்று நன்றி சொன்னார்கள். அந்த வீடுகளுக்கு மாவு இரவல் கேட்டுப் போகிறவர்களும் நின்றுபோனார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை.

இப்போது என் வெட்கக் கதை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கரிச்சான் பெட்டியின் பேட்டரியைப் பார்க்கிற சாக்கில் நான் கோகிலவாணியின் வாசலுக்குப் போவேன். மணியடிப்பேன். நவநீதன், குளித்துக்கொண்டிருப்பதாக எனக்கும் சொல்வார். கோகிலவாணி கதவைத் திறந்து டீயை வெளியே கொண்டுவந்து தருவார். விதவை வீட்டுக்குள் கல்யாணமாகாத ஆள் போனால் குடியிருப்பு சும்மா இருக்குமா? படியில் நின்றே குடிப்பேன். எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. அவர் புருஷன் மேலும் எனக்குப் பிரியம் இருந்ததால் அந்த ஆசையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியை நிறுத்திவிட்டால் அந்த வாசலுக்குப் போக எனக்குக் காரணமில்லை. அதனால் நிறுத்தவில்லை.

2042 ஏப்ரலில் ஒருநாள் அவர் என்னைக் குழாயருகே கூப்பிட்டார். ஓட்டைக்குள் பழைய பெண் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம் இன்னும் மங்கியிருந்தது.

"எத்தனை நாளா அடைகாக்குதுன்னு நெனைக்கறீங்க?"

"எத்தனை நாளுங்க?"

"இருபத்தாறு. பன்னெண்டு பதிமூணு நாள்ல பொரிஞ்சிரணும். முட்டைல ஒண்ணுமில்ல மணி. போன வருஷமும் இப்படித்தான். தற்செயல்னு விட்டுட்டேன். அதுக்கு முந்தின வருஷம் நான் எதையும் பாக்கற நெலமைலயே இல்ல."

புங்கமரத்தில் என் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. பெண் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தது.

"அவ கணக்குல அவன் இருக்கான்," என்றார் கோகிலவாணி. "பாடறான், வேலி இருக்கு, புழு இருக்கு. வேற எடம் எதுக்குப் போகணும்? கண்ணுல படலைங்கறது மட்டுந்தான் கொறை. வேற ஆம்பளையும் உள்ள வர முடியல. ஊர்ல இருநூத்துப் பன்னெண்டு எடத்துல இதே கதைதான். எண்ணிப் பாத்துட்டேன். அந்த எடங்கள்ல ரெண்டு வருஷமா ஒரு குஞ்சு இல்ல."

நாலு குஞ்சைக் காப்பாற்றியதாகக் கைதட்டல் வாங்கியவன் நான். அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. பேட்டரி சாக்கைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "நாந்தான் நிறுத்தலை" என்பதோடு முடித்துக்கொண்டேன்.

"நானும் நிறுத்தச் சொல்லலையே," என்றார் அவர்.

அன்றே ஸ்பீக்கர்களை இறக்கினோம். பள்ளி விடுமுறை இன்னும் விடவில்லை, சனிக்கிழமை என்பதால் தாரிகாவும் கூட நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயது, எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள். கடைசி ஸ்பீக்கரைக் கழற்றும்போது கேட்டாள்.

"இதை நிறுத்தினா அது அழாதாம்மா?"

"தேடும் கண்ணு. ரெண்டு மூணு நாள் தேடும். பொறகு எந்திரிச்சு வெளிய வரும்."

தாரிகா கொஞ்ச நேரம் ஏணியையே பார்த்தாள். "அப்ப நம்ம வாசல் பெட்டி?"

கோகிலவாணியின் முகம் மாறிவிட்டது. "அது வேற," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எடுக்க மறந்த ஒரு ஒயருக்காக நான் நாலேகால் மணிக்கு அங்கே போனேன். பள்ளி வேன் வந்து நின்றது. கோகிலவாணி நிலையத்திலிருந்து வர ஐந்தாகும். தாரிகா விரலை வைத்தால் கதவு திறந்துகொள்ளும், பூட்டில் அவள் விரலைப் பதிவு செய்ததே நான்தான். அவள் விரலை வைக்கவில்லை. மணியை அடித்தாள்.

"யாருங்க?" என்றார் நவநீதன்.

"நாந்தாம்ப்பா."

"குளிச்சிட்டிருக்கறனுங். அப்பறமாப் பாக்கலாம்."

"சரிப்பா. இன்னிக்கு கணக்குல முழு மார்க்."

"அப்படியுங்களா. சந்தோசம். என்ன வேணுமுங் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. நான் இருக்கேன்."

புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, அவருடைய செருப்புக்குப் பக்கத்தில், மிதியடிமேல் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். பழகின வேலையைச் செய்கிற மாதிரி இருந்தது அவள் உட்கார்ந்த விதம். பிறகுதான் விரலை வைத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

நான் புங்கமரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். பெற்ற மகளை "உங்களுக்கு" என்று கேட்கிறது அந்தக் குரல். எல்லாரையும் வெளியே நிறுத்தத்தானே அதைச் செய்தேன், மகள் மட்டும் விலக்கா என்ன? ஊரையே உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்த மனிதருக்கு, "வா" என்ற ஒரு சொல்லை மட்டும் நான் கொடுக்கவில்லை.

அதைத் தேடினேன். கோகிலவாணி கொடுத்த செய்திகளில் இல்லை. லேட்டாகும், சாப்பிட்டுவிடு, டீசல் போடணும், அவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்கிறவர் போனில் எதற்கு "வா" என்று சொல்லப்போகிறார்? மூன்றாம் நாள்தான் கரிச்சான் பெட்டி நினைவுக்கு வந்தது. முதல் வருடம் அது வாசலுக்கு எதிரே இரவும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததே. சேமிப்பில் பறவைச் சத்தத்தை வடிகட்டி எடுத்த பிறகு மிஞ்சியதை எல்லாம் கேட்டேன். பிரஷர் குக்கர், பால்காரர், வேன் ஹாரன். வேன் ஹாரனுக்குப் பின்னால் ஏழே விநாடி நவநீதனின் குரல் இருந்தது.

அதை ஒரு சின்ன டப்பாவில் பதிந்து எடுத்துக்கொண்டு போய் கோகிலவாணியின் அலுவலக மேஜையில் வைத்தேன். தாரிகா மிதியடியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்தார்.

"தெனமுமா?"

"பழக்கப்பட்ட மாதிரிதான் இருந்துச்சுங்க."

அவர் மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். அப்புறம், "இதை அந்தப் பெட்டில சேத்திர முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். சேத்தா அவ எந்திரிக்கவே மாட்டா, மேடம்."

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. குழாய்க்குள் இருபத்தாறு நாள் உட்கார்ந்திருந்ததை இரண்டு பேரும் பார்த்திருந்தோம். அவர் அந்தச் சின்ன டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானாகவே வந்துவிட்டேன்.

பத்து நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இனி எனக்கு அங்கே சாக்கு இல்லை. ஊரெல்லாம் ஏறிப் பெட்டிகளை இறக்குவதில் பொழுது போனது. சில இடத்தில் திட்டினார்கள், ஒரு அம்மாள் அழுதார். பதினோராம் நாள் கோகிலவாணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைல டீ குடிக்க வாங்க.

போனேன். புங்கமரத்தில் புதிதாக ஒரு கரிச்சான் இருந்தது. இளம் ஆண், பாட்டு இன்னும் கைவரவில்லை, பாதியில் தொண்டை கம்மி நின்றது. சாம்பல் நிறப் பெண் கீழே தரையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. கூட்டை விட்டு வெளியே வந்திருந்தது.

மணியடித்தேன். பழக்கதோஷத்தில் நவநீதனுக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. உள்ளே ஓடிவரும் காலடி கேட்டது. தாரிகா கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க மாமா. உள்ள வாங்க."

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். நான் படியிலேயே நின்றேன். உள்ளே அடுப்படியிலிருந்து கோகிலவாணி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார், வாருங்கள் என்று. கண் வீங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். மிதியடிக்கு இடது பக்கம் காலியாக இருந்தது. நவநீதனின் செருப்பு உள்ளே, ஷெல்ஃபில், துடைத்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே இனி அதற்கு வேலை இல்லை போலிருக்கிறது. யோசிக்காமல் காலியான அந்த இடத்தில் என் செருப்பை விட்டேன்.

"மாமா," என்றாள் தாரிகா. குனிந்து என் செருப்பைக் கையிலெடுத்தாள். திருப்பிக் கொடுத்து அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அதை மிதியடியின் வலது பக்கம், தன் செருப்புக்கு அடுத்ததாக வைத்து, நேராக்கினாள்.

"செருப்பை இந்தப் பக்கம் விடு சாமி, அது என்ற எடமாக்கும்," என்றாள், குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, காங்கேயத்து இழுப்போடு.

நான் எடுத்துக் கொடுத்த ஏழு விநாடியின் கடைசி மூன்று விநாடி அது. முதல் நாலு விநாடியை அவள் கதவைத் திறந்தபோதே சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.